அதிதி என்றால் விருந்தாளியா?

கேள்வி: அம்மா, வணக்கம். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. புனர்பூச நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் தேவதை அதிதி என்று கணவரின் நண்பர் ஒருவர் சொன்னார். பெயர் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போய், தொட்டிலிட்ட அன்று காதில் சொல்லியும் ஆயிற்று. பிறப்புச் சான்றிதழில் மட்டும் இன்னும் ஏற்றவில்லை. இப்போது வீட்டில் ஒரே பேச்சு. கணவரின் பெரியம்மா, "அதிதின்னா விருந்தாளி. பொண்ணு என்னைக்கிருந்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போறவன்னு பேர்லயே எழுதி வைக்கணுமா?" என்கிறார். பெயருக்குள் 'திதி' வருவதும் அவருக்கு உறுத்துகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் அப்பா அகராதியைத் திறந்து, "விருந்தினர் என்றுதான் போட்டிருக்கிறது. எத்தனையோ நல்ல தமிழ்ப் பெயர் இருக்க இது எதற்கு?" என்கிறார். ஜோசியரோ கே, கோ, ஹ, ஹி என்ற எழுத்துகளில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்கிறார். இணையத்தில் தேடினால் எல்லையற்றவள், விருந்தினர், பூமி, பசு என்று ஆளுக்கொரு பொருள் போட்டிருக்கிறார்கள். பெயரை மாற்றிவிடலாமா?
ஒரு வாசகி, ஓசூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

மாற்ற வேண்டாம். உங்கள் மகளின் பெயருக்கு விருந்தாளி என்று பொருள் இல்லை. பெரியம்மாவும் அப்பாவும் சொல்வதிலும் தவறில்லை, ஆனால் அவர்கள் சொல்வது வேறொரு சொல்லைப் பற்றி. தமிழில் எழுதும்போது அந்த இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வடமொழி கற்றுக்கொடுப்பவள் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும், அதிலும் இந்தப் பெயரைப் பற்றி நிறையவே வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வடமொழியில் த வருக்கத்துக்கு நான்கு எழுத்துகள், நமக்கு ஒன்றுதான். பழைய தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தலைமாட்டில் 2, 3, 4 என்று சிறிய எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. அப்படி எழுதினால் உங்கள் மகள் பெயர் அதி³தி. விருந்தினரைக் குறிக்கும் சொல் அதிதி². நடு எழுத்தும் வேறு, கடைசி எழுத்தும் வேறு, பிறந்த வேரும் வேறு. நீங்கள் இருப்பது ஓசூரில். தெலுங்கோ கன்னடமோ எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டாரிடம் இரண்டையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு நான் சொல்வதைவிட அது சீக்கிரம் புரியும்.

விருந்தினரைக் குறிக்கும் சொல்லுக்கு 'அத்' என்பது வேர், அலைதல், திரிதல் என்று பொருள். பழைய சொற்பிறப்பு ஆசானான யாஸ்கர் தம் நிருக்தம் என்ற நூலில் அப்படித்தான் விளக்குகிறார். திதி பார்க்காமல், நாள் குறிக்காமல் வருபவர் என்றும் ஒரு விளக்கம் வழங்கி வருகிறது. கதாகாலட்சேபங்களில் அதை அடிக்கடி கேட்கலாம்.

உங்கள் மகளின் பெயர் 'கட்டு' என்று பொருள்படும் 'தா³' என்ற வேரிலிருந்து வந்தது. கயிற்றைக் குறிக்கும் தாமம் என்ற சொல் அதே வேரில் பிறந்தது. யசோதை கயிற்றால் வயிற்றில் கட்டியதால் கண்ணன் தாமோதரன் ஆனான் அல்லவா, அந்த தாமம்தான். முன்னால் 'அ' சேர்ந்து எதிர்மறையானால் அதிதி: கட்டில்லாதவள், எதனாலும் கட்டப்படாதவள். இலக்கண வழியில் இதுதான் நேரான பொருள். பெண்ணை எங்கோ அனுப்பிவைக்கும் சாயல் இதில் துளியும் கிடையாது.

பெரியம்மாவை உறுத்தும் 'திதி' மூன்றாவதாக ஒரு சொல். பஞ்சாங்கத் திதிக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை. அப்படியே இருந்தாலும், திதி என்றால் ஏன் சிராத்தம் மட்டும் நினைவுக்கு வர வேண்டும்? ராமநவமியும் கோகுலாஷ்டமியும் பிள்ளையார் சதுர்த்தியும் திதியைக் கொண்டுதானே வருகின்றன, மூன்றும் பிறந்தநாள்கள் வேறு.

அப்பாவின் அகராதியும் சரியே. விருந்தினன் என்ற பொருளில் அதிதி தமிழில் நெடுநாளாகப் புழங்கும் சொல். பெரிய தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே எழுத்துகளில் இன்னொரு தனிச்சொல்லாகத் தேவர்களின் தாய் என்ற பொருளும் இருக்கும்.

இணையத்தில் பார்த்த மற்றப் பொருள்களையும் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பொருளை மட்டும் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டில்லாதது எல்லை இல்லாதது என்ற வழியில் 'எல்லையற்றவள்' வந்தது. வேத ஆய்வாளர் மாக்ஸ் முல்லர் அந்தப் பக்கம்தான் அழுத்தம் கொடுத்தார். ஓல்டன்பெர்க் போன்ற ஆய்வாளர்கள் குற்றத்திலிருந்தும் துன்பத்திலிருந்தும் விடுபட்ட நிலை என்று கொண்டார்கள். வேதத்தின் வேள்வி விளக்கப் பகுதிகளான பிராமண நூல்கள் 'இந்தப் பூமியே அதிதி' என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ரிக் வேதத்தின் எட்டாம் மண்டலத்தில் (பகுதியில்), குற்றமில்லாத பசுவை, அதிதியை, கொல்லாதே என்று ஒரு மந்திரம் வருகிறது. பசு என்ற பொருள் அங்கிருந்து வந்தது. பிருகதாரண்யக உபநிடதம் 'உண்ணுதல்' என்ற வேரோடு இணைத்து, எல்லாவற்றையும் உண்பதால் அதிதி என்கிறது.

என்னைக் கேட்டால், ஒரு பெயரின் பொருள் அகராதியில் பாதிதான் கிடைக்கும். அந்தப் பெயரை யார், எந்த நிலையில், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தால் மீதியும் கிடைக்கும். அதிதிக்கு அந்த மீதி மிகவும் ஆழமானது. உங்கள் மகள் வளர்ந்து "எனக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்கும் நாளில் அதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

ரிக் வேதத்தில் அதிதியின் பெயர் எண்பது தடவைக்குக் கிட்ட வருகிறது. ஆனால் அவளுக்கென்று தனியாக ஒரு சூக்தமும், அதாவது முழுப் பாடலும், இல்லை. மற்ற தேவர்களைப் பாடும்போது நடுவில் அவளைக் கூப்பிடுகிறார்கள். முதல் மண்டலத்தின் 24ஆம் சூக்தம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. எந்தத் தேவனின் பெயரை நினைப்பது, எங்களை மாபெரும் அதிதியிடம் திரும்பத் தருபவர் யார், அப்பாவையும் அம்மாவையும் நான் பார்க்க வேண்டும் என்று ஒரு குரல் கேட்கிறது. அது சுனச்சேபன் என்ற சிறுவனின் குரல் என்பது மரபு. மூன்று மரத்தூண்களில் அவன் கட்டப்பட்டிருந்தான் என்று அதே சூக்தம் சொல்கிறது.

அவன் ஏன் கட்டப்பட்டான் என்ற கதை ஐதரேய பிராமணத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த அரிச்சந்திரன்தான் அதில் அரசன். பிள்ளை இல்லாத அவன் வருணனிடம் பிள்ளை கேட்டு, பிறந்தால் அவனையே உனக்கு வேள்வியில் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ரோகிதன் பிறக்கிறான். அரிச்சந்திரன் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறான், வளர்ந்த ரோகிதன் காட்டுக்கு ஓடிவிடுகிறான், வருணனின் பிடியில் அரசனுக்கு வயிறு வீங்கும் நோய் வருகிறது. காட்டில் பசியால் வாடும் அஜீகர்த்தன் என்பவரை ரோகிதன் பார்க்கிறான். அவருக்கு மூன்று பிள்ளைகள். தனக்குப் பதிலாக ஒருவனைக் கேட்கிறான். மூத்தவனைத் தர அப்பாவுக்கு மனமில்லை, இளையவனைத் தர அம்மாவுக்கு மனமில்லை. நடுப்பிள்ளை சுனச்சேபன் நூறு பசுக்களுக்கு விலை போகிறான். வேள்வித் தூணில் கட்ட ஆள் கிடைக்கவில்லை. இன்னொரு நூறு பசு கொடுத்தால் நானே கட்டுகிறேன் என்கிறார் பெற்ற தகப்பன். வெட்டவும் ஆள் இல்லை. இன்னொரு நூறுக்கு அதற்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறார்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை தேவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு கட்டு அவிழ்கிறது, அரசனின் நோயும் இறங்குகிறது. சூக்தத்தின் கடைசி மந்திரம் இது: வருணனே, மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் நடுக் கட்டையும் தளர்த்து, நாங்கள் குற்றமற்றவர்களாக அதிதிக்கு உரியவர்கள் ஆகட்டும். வருணன் யார் என்றால் அதிதியின் மகன். பாசக்கயிறு மகன் கையில் இருக்கிறது, கட்டப்பட்ட பிள்ளை கட்டில்லாத தாயின் பெயரைச் சொல்லி அவிழ்க்கச் சொல்கிறான்.

பெற்றவர்களே விற்றுவிட்ட பிள்ளை, அப்பாவையும் அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான் பாருங்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போது என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை. கட்டவிழ்ந்த பிறகு அஜீகர்த்தன் மகனைத் திரும்பக் கேட்கிறார். சுனச்சேபன் போகவில்லை. விசுவாமித்திரர் அவனைத் தம் மூத்த மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். தேவராதன், தேவர்களால் தரப்பட்டவன், என்பது அவனுக்குப் பிறகு அமைந்த பெயர்.

பெரியம்மா பயப்படுவது பெண் வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்பதற்கு. அதிதி என்ற பெயர் முதலில் உரக்க ஒலிக்கும் இடத்திலோ, என்னைத் திரும்பச் சேர்த்துவிடு என்று ஒரு பிள்ளை கேட்கிறது.

முதல் மண்டலத்திலேயே 89ஆம் சூக்தத்தில் இன்னொரு மந்திரம். அதிதியே வானம், அதிதியே இடைவெளி, அதிதியே தாய், அவளே தந்தை, அவளே மகன், எல்லாத் தேவர்களும் ஐந்து வகை மக்களும் அதிதி, பிறந்ததும் அதிதி, பிறக்கப்போவதும் அதிதி என்று போகிறது. கோயில்களிலும் வீட்டு ஹோமங்களிலும் "பத்ரம் கர்ணேபிஹி" என்று தொடங்கும் சாந்தி மந்திரத்தைக் கேட்டிருப்பீர்கள். அது இதே சூக்தத்தில் இரண்டு மந்திரம் முன்னால் இருக்கிறது.

ஒரு கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும், பின்னால் யாராவது அதை அரைகுறையாகச் சொல்லி உங்களைக் கலக்கிவிடக் கூடாது. அதிதிக்கு எட்டுப் பிள்ளைகள் என்றும், ஏழு பேரோடு தேவர்களிடம் போனவள் எட்டாவது பிள்ளை மார்த்தாண்டனை எறிந்துவிட்டாள் என்றும் பத்தாம் மண்டலத்தின் 72ஆம் சூக்தம் சொல்கிறது. பெற்ற பிள்ளையை எறிந்தவள் பெயரா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடைசி வரி வரை படிப்பதில்லை. பிறப்புக்கும் இறப்புக்குமாக மார்த்தாண்டனை அவள் திரும்பவும் கொண்டுவந்தாள் என்றுதான் அந்தச் சூக்தம் முடிகிறது. சதபத பிராமணத்தில் இந்தக் கதை இன்னும் விரிகிறது. எட்டாவது பிள்ளை கைகால் உருவாகாமல் வெறும் பிண்டமாகப் பிறக்கிறது, உயரம் எவ்வளவோ அகலமும் அவ்வளவு. இதை வீணாகப் போக விடக் கூடாது என்று அண்ணன்மார்களான தேவர்கள் சேர்ந்து செதுக்கி மனித உருவம் ஆக்குகிறார்கள். வெட்டி எறிந்த சதையிலிருந்து யானை பிறந்ததாம். அப்படிச் செதுக்கப்பட்டவனே விவஸ்வான், சூரியன். அவன் பிள்ளைகள்தான் மனுவும் யமனும். குறைமாதமாகவும் நலிவாகவும் பிறக்கும் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டமும் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவும் சுமப்பது இந்த எட்டாவது பிள்ளையின் பெயரைத்தான்.

அதிதியின் பிள்ளைகள் என்பதால் அவர்கள் ஆதித்யர்கள். அதிதியிலிருந்து ஆதித்ய என்ற சொல் எப்படி வரும் என்று வடமொழி இலக்கண ஆசான் பாணினியே ஒரு சூத்திரம் எழுதிவைத்திருக்கிறார். அது தமிழில் ஆதித்தன் ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவர்களை வென்று சோழ அரசைப் பெரிதாக்கிய ஆதித்த சோழன் பெயரும், சுந்தர சோழரின் மகன் ஆதித்த கரிகாலன் பெயரும் அப்படி வந்தவை. பிள்ளை பெயரை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம் ஊரில் வைத்துக் கூப்பிட்டிருக்கிறோம், தாய் பெயர்தான் அண்மையில் பரவலாகியிருக்கிறது.

புராணங்களுக்கு வந்தால் அதிதி இன்னும் வீட்டுப் பெண்ணாக நமக்குக் கிட்டே வருகிறாள். தட்சனின் மகள், காசியபரின் மனைவி, இந்திரனின் தாய். மாபலி இந்திரனின் உலகத்தை வென்றதும் பிள்ளைகள் இடமில்லாமல் அலைவதைப் பார்த்து வருந்துகிறாள். காசியபர் பயோவிரதம் என்ற பன்னிரண்டு நாள் பால் நோன்பைச் சொல்லிக்கொடுக்கிறார். அவள் நோன்பிருந்து பெற்ற பிள்ளைதான் வாமனன். மாபலியின் வேள்விச் சாலைக்கு மூன்றடி மண் கேட்டுப் போனானே, அவன். மாபலி அவனை எழுந்து நின்று வரவேற்று, கால் கழுவி உபசரித்தான். அதாவது அங்கே விருந்தாளியாகப் போனது அதிதியின் பிள்ளை. பெரியம்மாவுக்கு ஓணக் கதை தெரிந்திருந்தால் இந்த வழியாகப் பேச்சை எடுங்கள்.

தீபாவளிக் கதையிலும் அவள் இருக்கிறாள். நரகாசுரன் பறித்துக்கொண்டு போனவற்றில் அதிதியின் குண்டலங்களும் அடக்கம். அவனைக் கொன்ற பிறகு கண்ணன் சத்தியபாமாவோடு தேவலோகம் போய் அந்தக் குண்டலங்களை அதிதியிடம் திருப்பிக் கொடுத்தான் என்று விஷ்ணு புராணமும் பாகவதமும் சொல்கின்றன. பாமா பாரிஜாத மரத்தைக் கேட்டது அந்தப் பயணத்தில்தான். பாகவதத்தில், கண்ணன் பிறந்ததும் தேவகியிடம், முன்பொரு பிறவியில் நீ அதிதியாக இருந்தாய், நான் வாமனனாக உன்னிடம் பிறந்தேன் என்கிறான்.

இனி நட்சத்திரம். உங்கள் கணவரின் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. புனர்பூசம் வடமொழியில் புனர்வசு, அதன் தேவதை அதிதி. 'புனர்' என்றால் மீண்டும், 'வசு' என்றால் செல்வம், நலம். போன நலம் திரும்ப வருவது. சுனச்சேபன் கேட்டதும், மார்த்தாண்டன் திரும்ப வந்ததும், குண்டலம் திரும்பக் கிடைத்ததும் நினைவில் இருந்தால் இந்த நட்சத்திரத்துக்கு ஏன் அதிதியை வைத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ராமன் பிறந்ததும் இந்த நட்சத்திரத்தில்தான். வால்மீகி அந்த இடத்தில் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லாமல், 'அதிதியைத் தேவதையாகக் கொண்ட நட்சத்திரத்தில்' என்கிறார். இந்திரனைப் பெற்ற அதிதியைப் போல, ராமனைப் பெற்ற கோசலை விளங்கினாள் என்றும் உடனே சேர்க்கிறார்.

ஜோசியர் சொன்னதும் ஒரு வழக்கம்தான். புனர்பூசத்தின் நான்கு பாதங்களுக்கும் கே, கோ, ஹ, ஹி என்பதும், 'அ' கார்த்திகையின் எழுத்து என்பதும் பஞ்சாங்கத்தில் உள்ளவையே. ஆனால் நட்சத்திரத்தையோ அதன் தேவதையையோ ஒட்டிப் பெயர் வைப்பது வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் கிருஹ்ய சூத்திரங்களின் காலத்திலேயே இருந்த முறை. சரக சம்ஹிதையில் மருத்துவம் சொல்லும் ஆசான் பெயர் புனர்வசு ஆத்ரேயர், அவர் பெயரில் இருப்பது இந்த நட்சத்திரமே. நீங்களும் அந்த வழியில் போயிருக்கிறீர்கள். ஜோசியரிடம் அப்படியே சொல்லுங்கள். மன நிறைவுக்கு வேண்டுமென்றால் ஜாதகத்தில் அவர் சொல்லும் எழுத்தில் ஒரு பெயர் எழுதிக்கொள்ளட்டும், நிறைய வீடுகளில் ஜாதகப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று இருக்கிறது.

விதி பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பெயர் ஒற்றைப்படை அசையில் இருக்க வேண்டும் என்று ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் சொல்கிறது. அ-தி-தி, மூன்று, பொருந்துகிறது. மனுஸ்மிருதி பெண் பெயர் நெடிலில் முடிய வேண்டும் என்கிறது, அது பொருந்தவில்லை. ஆனால் அந்த விதிப்படி சாந்தி, கீர்த்தி, ஸ்ருதி எதுவுமே தேறாது. நட்சத்திரப் பெயரும் நதிப் பெயரும் மரப் பெயரும் உள்ள பெண்ணை மணக்காதே என்றும் அதே மனு சொல்கிறார். ரோகிணி, ரேவதி, கங்கா, காவேரி என்று வைப்பதை இந்த நாட்டில் யாரும் அதற்காக நிறுத்தவில்லை. நீங்களும் இதில் மனதை உழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரியம்மாவிடம் பேசும்போது, "நீங்கள் சொல்வது தப்பு" என்று தொடங்காதீர்கள். அவருடைய சொல்லில் இருப்பது இலக்கணம் சம்பந்தப்பட்ட கவலை இல்லை. பிறந்த வீட்டில் ஒரு பெண் எத்தனை நாளைக்கு என்று எண்ணப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர் அவர். பேத்திக்கு அந்த எண்ணிக்கை வேண்டாம் என்று நினைப்பதால்தான் அப்படிக் கேட்கிறார். அந்த அக்கறையை முதலில் ஏற்றுக்கொண்டு, "இது கட்டுப்படாதவள்னு அர்த்தம் பெரியம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் சுனச்சேபன் கதையைச் சொல்லுங்கள். விருந்தாளி என்ற சொல்லும் தாழ்ந்ததில்லை என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். வீட்டு அடுப்பிலும் வேள்வியிலும் எரியும் அக்கினியை ரிக் வேதம் பல இடங்களில் அதிதி, நம் வீட்டு விருந்தினன், என்றே அழைக்கிறது.

அப்பாவின் விஷயம் வேறு. அவர் அகராதியைக் காட்டினாலும் அவர் மனதில் இருப்பது தமிழ். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலையடிகள் என்று ஆக்கிக்கொண்டவர் வாழ்ந்த மொழி இது, சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆன மொழி. பேத்தி பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் மேலே எழுதியது எதுவும் அந்த ஆசைக்குப் பதில் ஆகாது. அதனால் இந்தப் பெயரின் பொருளைக் காட்டி அவரை வென்றுவிட்டதாக நினைக்காதீர்கள். தேவர்களின் தாய் என்று அகராதியில் பார்த்த பிறகு, "அப்பா, வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர் நீங்கள் தேர்ந்தெடுங்கள்" என்று கேளுங்கள். பேருக்கு ஒப்பாக இல்லாமல், நிஜமாகவே அந்தப் பெயரால் நீங்களும் கூப்பிட வேண்டும். தாத்தா வைத்த பெயர் ஒன்றும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றுமாக வளரும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர்.

கடைசியாக, எழுதும் முறை. தமிழில் 'அதிதி' என்றே எழுதுங்கள். ஆதிதி, அதித்தி, அடிதி எதுவும் வேண்டாம். கூப்பிடும்போது நடு எழுத்து தீபாவளியில் வரும் தீ-யின் குறில் ஓசை, கடைசி எழுத்து திலகத்தின் தி. ஆங்கிலத்தில்தான் கவனம் வேண்டும். த வரும் இடத்திலெல்லாம் ஹெச் சேர்ப்பது நம் ஊர் பழக்கம். இந்தப் பெயரில் அப்படிச் சேர்த்தால் வடக்கே இருப்பவர்கள் விருந்தினர் என்றே வாசிப்பார்கள், பெரியம்மா சொன்னது காகிதத்தில் உண்மையாகிவிடும். மொத்தம் ஐந்தே எழுத்து: ஏ, டாக்டரின் முதல் எழுத்து, ஐ, டீச்சரின் முதல் எழுத்து, ஐ. எண் கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு எழுத்தைச் செருகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பிறப்பு பதிவான நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் வீட்டுப் பேச்சு அடங்கியதும் போய் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு மொழியிலும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஆதாரும் பள்ளிப் பதிவும் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும் என்பதால், பிழை இருந்தால் அப்போதே திருத்தி வாங்கிவிடுவது நல்லது.